கஸ்தோன் பிளாந்தே

கஸ்தோன் பிளாந்தே (ஏப்ரல் 22, 1834 - மே 21, 1889) பிரான்சு நாட்டைச் சேர்ந்த இயற்பியலாளர் ஆவார். மீண்டும் மீண்டும் மின்னேற்றம் செய்து பயன்படுத்தக்கூடிய முதல் மின்கலமான காரீய-அமில மின்கலத்தை இவர் 1859 ஆம் ஆண்டில் உருவாக்கினார். தானுந்துகளை இயக்கித் தொடங்குவது முதல் மின்வெட்டின்போது வீடுகளுக்கு ஒளி தருவது வரை பல பணிகளைச் செய்துவரும் மின்கலங்கள் இவருடைய மின்கலத்தின் வழிவந்தவை. உறங்கவும் சமைக்கவும் வசதி கொண்ட கேம்பர்வேன் எனப்படும் பயண ஊர்திகளின் கூரையில் சூரிய ஒளித் தகடுகளைப் பொருத்தி, பகலில் கிடைக்கும் மின்சாரத்தைச் சேமித்து, மின்மிதிவண்டி, மின் ஸ்கூட்டர், ஒற்றைச் சக்கர மின்வண்டி ஆகியவற்றுக்கு மின்னேற்றம் செய்வோரும் பிளாந்தே தொடங்கிவைத்த முறையையே பின்பற்றுகின்றனர். சேமிக்கும் கலம் கிடைத்துவிட்டாலும் அதை நிரப்பத் தக்க மின்மூலம் இல்லையே என்பது அவர் காலத்துச் சிக்கல். அச்சிக்கலின் இன்னொரு வடிவத்தை இவ்வூர்திகளிலும் காணலாம்.

பிறப்பும் இளமையும்

பிளாந்தே பிரான்சின் தென்மேற்குப் பகுதியில், பிரனீசு மலைத்தொடருக்கு அருகில் உள்ள ஓர்த்தேசு என்னும் சிற்றூரில் பிறந்தார். இவருடைய தம்பி பிரான்சிஸ் பிளாந்தே (1839 - 1934) புகழ்பெற்ற பியானோ கலைஞர். அக்காலத்தில் பிளாந்தே என்ற பெயரைக் கேட்டால் பாரிசு மக்கள் பலருக்கு நினைவுக்கு வந்தவர் இயற்பியலாளரல்லர், இந்தப் பியானோ கலைஞரே. தம்பி தொண்ணூறு வயதைக் கடந்தும் வாழ்ந்தார். 1928 இல் அவருடைய வாசிப்பு ஒலித்தட்டுகளில் பதிவு செய்யப்பட்டது. தமையனுக்கு அத்தகைய நீண்ட ஆயுள் வாய்க்கவில்லை.

பெக்கெரலின் ஆய்வகத்தில்

1854 ஆம் ஆண்டில் பிளாந்தே பாரிசில் உள்ள தேசியக் கலை, தொழில்நுட்பக் கல்விக்கழகத்தில் இயற்பியல் உதவியாளராகப் பணியில் சேர்ந்தார். அங்கு இயற்பியல் பேராசிரியராக இருந்தவர் எட்மோன் பெக்கெரல் (1820 - 1891). இவர் தம் பத்தொன்பதாம் வயதில், 1839 இல், தந்தையின் ஆய்வகத்தில் ஒரு விந்தையான நிகழ்வைக் கண்டிருந்தார். வெள்ளி உப்புப் பூசிய மின்முனையை அமிலக் கரைசலில் அமிழ்த்தி ஒளி படுமாறு வைத்தபோது மின்னோட்டம் உண்டாயிற்று. இதுவே ஒளிமின்னழுத்த விளைவு. இன்றைய சூரிய மின்கலங்கள் அனைத்துக்கும் அடிப்படை இவ்விளைவே. எட்மோனின் மகன் என்றி பெக்கெரல் 1896 இல் கதிரியக்கத்தைக் கண்டறிந்தவர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

ஒளியிலிருந்து மின்சாரம் பெறலாம் எனக் காட்டியவரும் மின்சாரத்தைச் சேமித்து வைக்கலாம் எனக் காட்டப் போகிறவரும் இவ்வாறு ஒரே நிறுவனத்தில் பேராசிரியராகவும் உதவியாளராகவும் இருந்தனர். எனினும் இவ்விரு கண்டுபிடிப்புகளும் அக்காலத்தில் ஒன்று சேரவில்லை. பெக்கெரலின் கருவி தந்த மின்னோட்டம் மிகச் சிறியது. அதைக் கொண்டு எதையும் நிரப்ப இயலாது.

இயற்பியலில் காலூன்றும் முன்னரே பிளாந்தேயின் பெயர் வேறொரு துறையில் நிலைத்துவிட்டது. 1855 இல் பாரிசுக்கு அருகில் உள்ள மெதோன் என்னும் இடத்தில் மிகப் பெரிய பறவை ஒன்றின் புதைபடிவ எலும்பை இவர் கண்டெடுத்தார். பறக்க இயலாத அப்பறவைக்குக் கண்டெடுத்தவரின் பெயரால் கஸ்தோர்னிஸ் என்ற பேரினப் பெயர் இடப்பட்டது. ஏறத்தாழ ஆறடிக்கும் மேல் உயரம் வளர்ந்த இப்பறவையை நெடுங்காலம் ஊனுண்ணி எனக் கருதி வந்தனர். அண்மைக்கால ஆய்வுகள் அது தாவரவுண்ணியாக இருந்திருக்கும் எனக் காட்டுகின்றன.

1860 இல் பிளாந்தே, பொதுமக்களின் கல்வியை வளர்ப்பதற்காகப் பாரிசில் இயங்கிய பாலிடெக்னிக் சங்கத்தின் இயற்பியல் பேராசிரியரானார்.

முன்னோடிகள்

வோல்ட்டா 1800 இல் அறிமுகப்படுத்திய மின்கல அடுக்கும் அதற்குப் பின் வந்த டேனியல், புன்சன் ஆகியோரின் மின்கலங்களும் முதன்மை மின்கலங்கள். இவற்றில் ஓர் உலோகம், பெரும்பாலும் துத்தநாகம், கரைந்து கரைந்து மின்னோட்டத்தைத் தருகிறது. உலோகம் தீர்ந்ததும் மின்கலத்தின் வாழ்வும் தீர்ந்தது. புதிய துத்தநாகமும் புதிய அமிலமும் இட்டாலன்றி அது மீண்டும் இயங்காது.

வோல்ட்டா மின்கலத்தைக் கொண்டு நீரை மின்னாற்பகுத்த ஆய்வாளர்கள் ஒன்றைக் கவனித்தனர். மின்மூலத்தைத் துண்டித்த பின்னர், கரைசலில் இருந்த உலோகத் தகடுகள் சிறிது நேரம் எதிர்த்திசையில் மின்னோட்டம் ஒன்றைத் தந்தன. செருமானியரான யோகான் ரிட்டர் 1803 இல் இத்தகைய தகடுகளை அடுக்கி, இரண்டாம் நிலை மின்னடுக்கு ஒன்றை அமைத்தார். மற்றொரு செருமானியரான வில்லெம் சின்ஸ்டெடன் 1854 இல் கந்தக அமிலத்தில் அமிழ்த்திய காரீயத் தகடுகளில் இவ்விளைவு வலுவாக இருப்பதைப் பதிவு செய்தார். எனவே காரீயத்தையும் அமிலத்தையும் முதலில் சேர்த்துப் பார்த்தவர் பிளாந்தே என்று கூறுவது பொருந்தாது. முன்னோர் வேடிக்கையான பக்கவிளைவாகவும், சில வேளைகளில் தொல்லையாகவும் பார்த்த நிகழ்வை முறையாக அளந்து, மின்சாரத்தைச் சேமிக்கும் கருவியாக அதை மாற்றியதே இவருடைய பணி.

காரீய-அமில மின்கலம்

1859 இல் பிளாந்தே மின்முனைவாக்கம் பற்றிய ஆய்வைத் தொடங்கினார். செம்பு, வெள்ளி, வெள்ளீயம், இரும்பு, அலுமினியம், தங்கம், பிளாட்டினம் எனப் பல உலோகங்களை நீர்த்த கந்தக அமிலத்தில் ஒவ்வொன்றாக இட்டு, மின்னோட்டம் செலுத்தி நிறுத்திய பின் கிடைக்கும் எதிர் மின்னோட்டத்தை அளந்தார். இவற்றுள் காரீயம் தந்த மின்னோட்டமே வலிமை மிக்கதாகவும் நெடுநேரம் நீடிப்பதாகவும் இருந்தது. விலையுயர்ந்த தங்கத்தையும் பிளாட்டினத்தையும் மலிவான காரீயம் விஞ்சிவிட்டது.

அவர் அமைத்த கலம் எளிமையானது. இரண்டு நீண்ட காரீயத் தகடுகளை எடுத்து, அவை ஒன்றையொன்று தொடாதவாறு இடையில் முரட்டுத் துணியை வைத்துப் பாய்போல் சுருட்டினார். அச்சுருளைக் கண்ணாடிக் குடுவையில் வைத்து, நீரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கந்தக அமிலம் கலந்த கரைசலை ஊற்றினார். பின்னர் துணிக்கு மாற்றாக ரப்பர் பட்டைகளைப் பயன்படுத்தினார். சுருட்டியதன் பயன் பெரிது. சிறிய குடுவைக்குள் பெரும் பரப்பளவு அடங்கியது. தகடுகளுக்கு இடையே தொலைவு குறைந்ததால் கலத்தின் அகமின்தடையும் குறைந்தது. இதனால் அக்காலத்தின் எந்த முதன்மை மின்கலமும் தர இயலாத பெரும் மின்னோட்டத்தைச் சிறிது நேரத்துக்கு இக்கலம் தந்தது. ஒன்பது கலங்கள் கொண்ட மின்கல அடுக்கு ஒன்றை 1860 மார்ச்சு மாதத்தில் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முன் பிளாந்தே வைத்தார்.

மின்னேற்றம் பெற்ற நிலையில் இக்கலத்தின் நேர் தகட்டின் மேற்பரப்பில் காரீய ஈராக்சைடும், எதிர் தகட்டில் நுண்துளைகள் கொண்ட தூய காரீயமும் இருக்கும். மின்னிறக்கத்தின்போது இரண்டு தகடுகளும் அமிலத்துடன் வினைபுரிந்து காரீய சல்பேட்டாக மாறுகின்றன. அமிலம் செலவாகி நீர் உண்டாவதால் கரைசலின் அடர்த்தி குறைகிறது. எதிர்த்திசையில் மின்னோட்டம் செலுத்தினால் வினை பின்னோக்கித் திரும்பி, தகடுகளும் அமிலமும் பழைய நிலையை அடைகின்றன. ஒரு கலத்தின் மின்னழுத்தம் ஏறத்தாழ 2 வோல்ட். ஊர்திகளில் காணப்படும் 12 வோல்ட் மின்கல அடுக்கில் ஆறு கலங்கள் இருப்பது இதனாலேயே.

தகடுகளைப் பழக்குதல்

புதிய காரீயத் தகடு வழவழப்பானது. அதன் மேற்பரப்பில் மட்டுமே வினை நிகழும் என்பதால் முதல்முறை மின்னேற்றியபோது அது மிகக் குறைந்த மின்சாரத்தையே ஏற்றது. மின்னேற்றம், மின்னிறக்கம், பின்னர் திசையை மாற்றி மீண்டும் மின்னேற்றம், இடையிடையே ஓய்வு என்று திரும்பத் திரும்பச் செய்தால், வினைபுரியும் அடுக்கு சிறிது சிறிதாக உலோகத்தின் உள்ளே ஆழ்ந்து செல்வதைப் பிளாந்தே கண்டறிந்தார். ஓய்வுக் காலத்தை முதலில் சில மணி நேரமாகவும் பின்னர் நாட்களாகவும் நீட்டினார். இவ்வாறு ஒரு கலத்தைப் பழக்கி முடிக்கப் பல மாதங்கள் ஆயின.

இது பிளாந்தேயின் மின்கலத்துக்கு இருந்த பெரும் குறையாகும். ஆயினும் இவ்வகையில் உருவான தகடு உறுதியானது. தன் உடலையே வினைப்பொருளாக மாற்றிக்கொண்ட தகடு என்பதால் பூச்சு உதிர்ந்துபோகும் தொல்லை அதில் குறைவு. மின்நிலையங்களிலும் தொலைபேசி இணைப்பகங்களிலும் அவசரகாலத் தேவைக்காக வைக்கப்பட்டு இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைக்கும் பிளாந்தே வகைக் கலங்கள் இதற்குச் சான்று. பழக்கும் காலத்தைக் குறைக்க, தகடுகளை முன்னதாக நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் ஊறவைக்கும் முறையைப் பிளாந்தே 1880களின் தொடக்கத்தில் கையாண்டார்.

நிரப்ப மூலம் இல்லாத கலம்

பழக்கும் காலத்தைவிடப் பெரிய தடை வேறொன்று இருந்தது. 1859 இல் மின்சாரம் தரும் எந்திரம் என்று சொல்லத்தக்கது நடைமுறையில் பரவவில்லை. துணை மின்கலத்தை நிரப்ப வேண்டுமெனில் முதன்மை மின்கலம்தான் வேண்டும். பிளாந்தே பெரும்பாலும் புன்சன் மின்கலங்களைக் கொண்டே தம் கலங்களை நிரப்பினார். துத்தநாகத்தைக் கரைத்துப் பெற்ற விலையுயர்ந்த மின்சாரத்தை, வழியில் ஒரு பகுதியை இழந்து, மற்றொரு கலத்தில் சேர்த்துவைக்க வேண்டிய நிலை. அதைவிடப் புன்சன் மின்கலத்தையே நேரடியாகப் பயன்படுத்திவிடலாமே என்று எவரும் கேட்கக்கூடும். ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் இக்கேள்விக்கு முழுமையான விடை இருக்கவில்லை.

பகுதி விடை ஒன்றைப் பிளாந்தே கண்டார். இரண்டு அல்லது மூன்று புன்சன் மின்கலங்களைக் கொண்டு, பக்க இணைப்பில் உள்ள பல துணை மின்கலங்களை நெடுநேரம் நிரப்புவார். பின்னர் இணைப்பு மாற்றி ஒன்றைத் திருப்பி அவற்றையெல்லாம் தொடர் இணைப்பில் மாற்றுவார். உடனே உயர்ந்த மின்னழுத்தம் கிடைக்கும். சிறிய மூலத்திலிருந்து மெல்ல மெல்லச் சேர்த்துத் தேவைப்படும்போது ஒரே வீச்சில் செலவிடலாம் என்ற கருத்து இதில் தெளிவாக அமைந்துள்ளது. அறுவை மருத்துவத்தில் திசுக்களைச் சுடுவதற்கும், உடலின் உட்பகுதிகளை ஒளியூட்டிக் காண்பதற்கும் இத்தகைய கலங்கள் பயன்பட்டன. காரீயத்துக்கு இரசவாதிகள் இட்ட சனிக்கோளின் பெயரால், சனியின் தீமூட்டி என்னும் சிறு கருவி ஒன்றையும் பிளாந்தே செய்தார். அதில் இருந்த மெல்லிய பிளாட்டினக் கம்பி மின்னோட்டத்தால் சிவந்து மெழுகுவர்த்தியை ஏற்றும்.

முழுமையான விடை மின்னாக்கியோடு வந்தது. பெல்சியத்தைச் சேர்ந்த செனோப் கிராம் 1871 இல் தம் மின்னாக்கியைப் பாரிசில் அறிவியல் கழகத்துக்கு அறிமுகப்படுத்தினார். நீராவி எந்திரத்தால் சுழலும் இது, துத்தநாகத்தின் தேவையின்றி நிலக்கரியின் ஆற்றலை மின்சாரமாக்கியது. கிராம் எந்திரத்தைக் கொண்டு தம் கலங்களை நிரப்பிய பிளாந்தே, நிரம்பிய கலங்களால் அதே எந்திரத்தை மோட்டாராகச் சுழலச் செய்யவும் முடிந்தது. அப்போதுதான் இவருடைய மின்கலத்தின் உண்மையான பயன் உலகுக்குப் புலப்படத் தொடங்கியது.

பிந்தைய ஆய்வுகள்

பிளாந்தே வணிகத்தில் நாட்டம் செலுத்தவில்லை. தம் மின்கலங்களைக் கொண்டு இயற்கையின் மின்நிகழ்வுகளை ஆய்வகத்தில் உருவாக்கிப் பார்ப்பதிலேயே பிற்காலத்தைச் செலவிட்டார். 800 கலங்களைத் தொடராக இணைத்து ஏறத்தாழ 1600 வோல்ட் மின்னழுத்தம் பெற்றார். அதைக் கொண்டு, மைக்கா தகடுகளால் ஆன பல மின்தேக்கிகளைப் பக்க இணைப்பில் நிரப்பி, தொடர் இணைப்பில் வெளியேற்றும் எந்திரம் ஒன்றை 1877 ஆம் ஆண்டளவில் அமைத்தார். பந்து மின்னல், வடமுனை ஒளி, ஆலங்கட்டி ஆகியவற்றை இச்சோதனைகளால் விளக்க முயன்றார். இவ்விளக்கங்களில் பல பின்னர் ஏற்கப்படவில்லை.

தம் ஆய்வுகளைத் தொகுத்து 1879 இல் மின்சாரம் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1887 இல் வெளிவந்தது.

1881 ஆம் ஆண்டு

மின்கல வரலாற்றில் 1881 முதன்மையான ஆண்டு. பிரெஞ்சுக்காரரான கமில் ஃபோர், மாதக்கணக்கில் பழக்குவதைத் தவிர்க்க ஒரு வழி கண்டார். காரீய ஆக்சைடைக் குழைத்துத் தகட்டின் மீது பூசிவிட்டால் வினைப்பொருள் தொடக்கத்திலேயே ஆயத்தமாக இருக்கும். பூச்சு உதிராமல் பிடித்துக்கொள்ளும் வலைச்சட்டத் தகடுகளும் விரைவில் வந்தன. தொழிற்சாலைகளில் பெருமளவில் மின்கலம் செய்ய இதுவே வழிவகுத்தது.

அவ்வாண்டில் ஃபோர் வகைக் கலங்கள் நான்கினைக் கொண்ட, ஏறத்தாழ ஒரு கனஅடி அளவுள்ள பெட்டி ஒன்று பாரிசில் மின்னேற்றப்பட்டு, கிளாஸ்கோ நகரில் இருந்த வில்லியம் தாம்சனிடம் (பின்னாளில் கெல்வின் பிரபு) எடுத்துச் செல்லப்பட்டது. பத்து இலட்சம் அடி-பவுண்டு ஆற்றல் பெட்டிக்குள் அடங்கி நாடுவிட்டு நாடு வந்த செய்தி அக்கால இதழ்களில் பெரும் வியப்பாகப் பேசப்பட்டது. இன்றைய அலகில் இது ஏறக்குறைய 377 வாட்-மணி. 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி கொண்ட சாதாரண மின்மிதிவண்டியின் மின்கல அடுக்கு 360 வாட்-மணி ஆற்றலைக் கொண்டது என்பதை ஒப்பிட்டால் அந்தப் பெட்டியின் மதிப்பு விளங்கும்.

அதே 1881 இல் குஸ்தாவ் த்ரூவே என்னும் கருவியாளர், மூன்று சக்கர மிதிவண்டி ஒன்றில் சிறு மின்மோட்டாரையும் பிளாந்தே வகைத் துணை மின்கலங்களையும் பொருத்திப் பாரிசின் தெருவில் ஓட்டினார். ஒருவர் ஏறிச் செல்லத்தக்க மின்வண்டிகளின் வரிசையில் இதை முதலிடத்தில் வைப்பர். காரீய மின்கலத்தால் இயங்கிய மின்தானுந்து ஒன்று, பெல்சிய ஓட்டுநரான கமில் ஜெனாட்சியைச் சுமந்து, 1899 ஏப்ரல் 29 அன்று மணிக்கு 105.88 கிலோமீட்டர் விரைவை எட்டியது. தரையில் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய முதல் தானுந்து அதுவே. இதைக் காணப் பிளாந்தே உயிரோடு இல்லை.

இறுதிக்காலம்

பிளாந்தே 1889 மே 21 அன்று தம் 55 ஆம் வயதில் பெல்வியூ என்னும் இடத்தில் காலமானார். இது மெதோனைச் சேர்ந்த பகுதி. முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் புதைபடிவப் பறவையைக் கண்டெடுத்த அதே ஊரில் அவருடைய வாழ்வு முடிந்தது. ஈபெல் கோபுரம் திறக்கப்பட்ட பாரிசு உலகக் கண்காட்சி அப்போது நடந்துகொண்டிருந்தது.

சூரிய ஒளியும் காரீயமும்

பெக்கெரலின் விளைவு பயன்தரும் மூலமாக மாற நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. 1954 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டாரில் சாப்பின், கால்வின் புல்லர், ஜெரால்டு பியர்சன் ஆகிய மூவரும் ஏறத்தாழ 6 விழுக்காடு திறன் கொண்ட சிலிக்கான் சூரிய மின்கலத்தை உருவாக்கினர். ஒளியில் மட்டுமே மின்சாரம் தரும் இக்கலத்துக்கு இரவிலும் பயன்தரும் துணை தேவைப்பட்டது. மின்கம்பி செல்லாத இடங்களில் அத்துணையாகப் பெரும்பாலும் அமைந்தது காரீய-அமில மின்கலமே. பேராசிரியரின் கண்டுபிடிப்பும் உதவியாளரின் கண்டுபிடிப்பும் இவ்வாறு ஒரே கம்பியின் இரு முனைகளில் வந்து சேர்ந்தன.

இவ்விணைப்பின் வலிமையையும் குறையையும் தெளிவாகக் காண, கேம்பர்வேன் ஒன்றின் கணக்கைப் பார்க்கலாம். கூரையில் 200 வாட் தகடு உள்ளது என்றும், கோடைநாள் ஒன்றில் ஐந்து மணி நேர முழு வெயிலுக்கு ஈடான ஒளி கிடைக்கிறது என்றும் கொள்வோம். 1000 வாட்-மணி கிடைக்க வேண்டும். தகடு வெயிலில் சூடாவது, கூரையில் கிடையாகப் படுத்திருப்பது, கம்பிகளின் இழப்பு ஆகியவை போக 700 முதல் 750 வாட்-மணி கையில் வந்தால் நன்று. குளிர்காலத்தில் இதில் மூன்றில் ஒரு பங்குகூடக் கிடைக்காத நாட்கள் உண்டு. சிறிய குளிர்பெட்டி ஒன்றே நாளொன்றுக்கு 300 வாட்-மணி அல்லது அதற்கும் மேல் எடுத்துக்கொள்ளும்.

மின்மிதிவண்டியின் 360 வாட்-மணி மின்கலத்தை வெறுமையிலிருந்து நிரப்ப 360 வாட்-மணி போதாது. ஊர்தியின் 12 வோல்ட் நேர்மின்சாரத்தை இன்வெர்ட்டர் 230 வோல்ட் மாறுமின்சாரமாக மாற்றுகிறது. வண்டியுடன் வந்த மின்னேற்றி அதை மீண்டும் 42 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றுகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் பத்து விழுக்காடளவு வெப்பமாகப் போகிறது. எனவே ஏறத்தாழ 450 வாட்-மணி தேவைப்படும். ஊர்தியில் 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி காரீய மின்கலம் ஒன்று இருந்தால் அதன் மொத்தக் கொள்ளளவு 1200 வாட்-மணி. ஆனால் காரீய மின்கலத்தைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் விரைவாகக் குறையும் என்பதால் பயன்படுத்தத்தக்கது 600 வாட்-மணி மட்டுமே. ஒரு மிதிவண்டி அதில் முக்கால் பங்கை எடுத்துவிடுகிறது. பெரிய ஒற்றைச் சக்கர மின்வண்டிகள் சிலவற்றின் மின்கலம் 1000 வாட்-மணியைத் தாண்டும். அதை அவ்வூர்தியிலிருந்து ஓர் இரவில் நிரப்புவது இயலாத செயல். மேலும், மின்னோட்டத்தை விரைவாக எடுக்க எடுக்கக் காரீய மின்கலம் தரும் மொத்த அளவு குறைகிறது. இதை வில்லெம் பியூக்கர்ட் என்ற செருமானியர் 1897 இல் வாய்பாடாக வகுத்தார்.

கணக்கில் எளிதாகத் தெரியாத மற்றொரு செய்தி உள்ளது. பிளாந்தே தம் தகடுகளோடு மாதக்கணக்கில் பொறுத்திருந்து பழகியவர். காரீயத்தின் அந்த மந்த இயல்பு இன்றும் மாறவில்லை. 80 விழுக்காடு வரை விரைந்து நிரம்பும் காரீய மின்கலம், எஞ்சிய 20 விழுக்காட்டை ஏற்க நான்கு மணி நேரம் அல்லது அதற்கும் மேல் எடுத்துக்கொள்கிறது. அளவுமானியில் 14.4 வோல்ட் காட்டியதும் மின்கலம் நிரம்பிவிட்டது எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் மெதுவாக நிரம்பும் பகுதி அப்போதுதான் தொடங்குகிறது. அதற்குள் பொழுது சாய்ந்துவிடும். மாலையில் மிதிவண்டியையும் ஸ்கூட்டரையும் இணைத்தால் மின்கலம் மீண்டும் இறங்குகிறது. இவ்வாறு நாள்தோறும் அரைகுறையாக நிரம்பிக் கிடக்கும் தகடுகளில் காரீய சல்பேட்டு கடினமான படிகங்களாக இறுகிவிடுகிறது. அப்படிகங்கள் மின்னேற்றத்தில் எளிதில் கரையா. இதனால் ஓரிரு ஆண்டுகளிலேயே மின்கலம் பழுதாகிறது. பழி பெரும்பாலும் மின்கலத்தின் மீதே விழுகிறது. அதற்கு நிறைவான மின்னேற்றம் கிடைக்காததே காரணம் என்பதை எவரும் எண்ணுவதில்லை.

ஆகவே வண்டிகளுக்கு மின்னேற்றத் தக்க நேரம் நண்பகலாகும். காலையில் ஊர்தியின் மின்கலம் பெரும்பகுதி நிரம்பிய பின்னர், அது சிறிதளவே ஏற்கும் நிலையில், தகட்டில் எஞ்சும் மின்சாரம் வீணாகாமல் வண்டிக்குப் போகும். 2 ஆம்பியர் மின்னேற்றி ஒன்று ஏறத்தாழ 84 வாட் தருவது. 200 வாட் தகடு நல்ல வெயிலில் அதை நேரடியாகத் தாங்கும். இன்வெர்ட்டரைத் தவிர்த்து 12 வோல்ட்டிலிருந்து நேரே 42 வோல்ட்டுக்கு உயர்த்தும் மாற்றிகளும் உள்ளன. இழப்பு குறைவு என்றாலும், வண்டியின் லித்தியம் மின்கலத்துக்கு உரிய மின்னழுத்த வரம்பும் மின்னோட்ட வரம்பும் சரியாக அமைக்கப்படாவிட்டால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. மூடி திறக்கும் வகைக் காரீய மின்கலமாயின், மின்னேற்றத்தின் இறுதியில் ஐதரசன் வளிமம் வெளியேறும். மக்கள் உறங்கும் ஊர்திக்குள் அதற்குக் காற்றுப்போக்கி இருப்பது கட்டாயம்.

2010களிலிருந்து இவ்வூர்திகளில் லித்தியம்-இரும்பு-பாசுபேட்டு மின்கலங்கள் காரீயத்தின் இடத்தைப் பெருமளவு பிடித்துவருகின்றன. 100 ஆம்பியர்-மணி காரீய மின்கலம் 25 முதல் 30 கிலோகிராம் எடை கொண்டது. இவை அதில் பாதிக்கும் குறைவு. கொள்ளளவின் பெரும்பகுதியைப் பயன்படுத்தலாம், அரைகுறையாக நிரப்பி வைத்தாலும் கெடுவதில்லை, கிடைக்கும் வெயிலை விரைந்து ஏற்கின்றன. ஆனால் உறைநிலைக்குக் கீழ் இவற்றை மின்னேற்றக் கூடாது. பனி நாடுகளில் குளிர்காலப் பயணம் செய்வோர்க்கு இது சிறிய குறையன்று. லித்தியம் மின்கலம் பொருத்திய கேம்பர்வேன்கள் பலவற்றிலும் எஞ்சினைத் தொடங்கிவைக்க ஒரு காரீய மின்கலம் தனியே இருக்கிறது.

நினைவு

பிளாந்தேயின் பெயரால் பிரெஞ்சு அறிவியல் கழகம் மின்சார ஆய்வுக்கான பரிசு ஒன்றை வழங்கி வந்தது. 1895 இல் அதைப் பெற்றவர் பியேர் கியூரி. காரீய-அமில மின்கல ஆய்வில் சிறந்து விளங்குவோர்க்கெனப் பல்கேரிய அறிவியல் கழகம் 1989 இல், பிளாந்தே மறைந்த நூறாம் ஆண்டில், கஸ்தோன் பிளாந்தே பதக்கத்தை நிறுவியது.